அம்மா காபியில் மருந்து கலந்து கொடுக்கிறார். அண்ணனிடம் சொல்லிவிடலாமா?

கரூர்த் தங்கை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றி வீட்டில் நான் பேசக்கூடிய ஒரே ஆள் அம்மா. ஆனால் அம்மா செய்வதைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

என் அண்ணனுக்கு 36 வயது. மனச்சிதைவு நோய். 2013இல் ஆரம்பித்தது. டிப்ளமோ முடித்துவிட்டு கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்திருந்தான். எங்கள் தெருவில் நாலு வீட்டில் விசைத்தறி ஓடும். ஒரு ராத்திரி என்னை எழுப்பி, "தறிச் சத்தத்துக்குள்ள என் பேரைச் சொல்றாங்க, உனக்குக் கேக்குதா?" என்றான். எனக்கு அப்போது 20 வயது. "கேக்கலண்ணா, படு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவன் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. வேலைக்குப் போவது நின்றது, குளிப்பது நின்றது, விடிய விடிய மொட்டை மாடியில் நடப்பான்.

அப்போது அப்பா இருந்தார். முதலில் திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலுக்குத்தான் போனோம். ஒரு மண்டலம், 48 நாள் அங்கேயே தங்கினோம். உச்சிகால பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அந்த நாட்களை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். எங்களைப் போல இன்னும் எத்தனையோ குடும்பம் இருக்கிறது என்று அம்மாவுக்கு அங்கேதான் தெரிந்தது, அம்மா அங்கேதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். ஆனால் அண்ணனுக்குக் குரல் நிற்கவில்லை. திரும்பி வந்து திருச்சியில் மருத்துவரைப் பார்த்தோம். ரிஸ்பெரிடோன் மாத்திரையில் இரண்டு மாதத்தில் குரல் அடங்கியது. கூடவே கை கால் விறைப்பு, பகலெல்லாம் தூக்கம், எடை கூடியது. "என்னை மரக்கட்டையாக்கிட்டீங்க" என்று சொல்லி நிறுத்திவிடுவான். நிறுத்தினால் சில மாதத்தில் திரும்ப வரும். இப்படி மூன்று முறை. 2017இல் அப்பா தவறிவிட்டார்.

2019இல் வந்ததுதான் பெரிய அலை. மேல்தொட்டித் தண்ணீரில் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ மருந்து கலக்கிறார் என்று விடியற்காலையில் சின்டெக்ஸ் தொட்டியை முழுக்கத் திறந்துவிடுவான். தெருவெல்லாம் தண்ணீர் ஓடும். அந்த வீட்டு மோட்டார் ஒயரை அறுத்துவிட்டான், போலீஸ் வரைக்கும் போனது. மாத்திரையைக் கண்ணில் காட்டவே முடியவில்லை. அப்போது பார்த்த ஒரு மருத்துவர், அண்ணன் வராமல் நாங்கள் மட்டும் போயிருந்தோம், ஐந்து நிமிடத்தில் அதே ரிஸ்பெரிடோனைச் சொட்டு மருந்தாக எழுதித் தந்தார். "நிறம் இருக்காது. காபியில விட்டுக் குடுங்க" என்றார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அம்மா அந்தச் சீசாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, மருந்தை ஓமத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறார். தினமும் காலை ஆறு மணி. டிகாஷன் இறக்கி, பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, அண்ணன் பல் துலக்கும் சத்தம் கேட்கும்போது 3 மில்லி. "குடி சாமி" என்று கையில் கொடுத்துவிட்டு, அவன் டம்ளரைக் கவிழ்க்கும்வரை அங்கேயே நிற்பார். இத்தனை வருஷத்தில் அம்மா ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை. சொந்தத் தங்கச்சி இறந்தபோது ஈரோட்டுக்குப் போய் அன்று மாலையே திரும்பினார். 2020 ஊரடங்கில் இங்கே மருந்து கிடைக்காமல் நான் ஸ்கூட்டரில் திருச்சி போய் வாங்கி வந்தேன், போகவர 150 கிலோமீட்டருக்கு மேல்.

மருந்து வேலை செய்தது. அதை மறைக்க முடியாது. இப்போது அண்ணன் கொசுவலை மடித்துப் பேக் செய்யும் இடத்துக்கு நாளைக்கு ஐந்து மணி நேரம் போகிறான். சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கிறான். சொந்தக்காரப் பையன் ஒருவன் பரீட்சையில் தோற்று முடங்கிக் கிடந்தபோது, "நான் மாத்திரையே இல்லாம என்னைச் சரி பண்ணிக்கிட்டேன், உன்னால முடியாதா?" என்று அவனிடம் பேசிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். அன்று என் மனசு என்னமோ செய்தது.

இப்போது இரண்டு விஷயம் சேர்ந்து நிற்கிறது. அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்க வேண்டும் என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. ஐந்து நாளாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும், அப்புறமும் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. உதிரப்போக்கோடு தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். கேட்டால், "காபி யார் போடறது?" என்கிறார். நான் போடுகிறேன் என்றால், "உன் கையில குடிக்க மாட்டான்" என்கிறார். உண்மைதான், குடிக்க மாட்டான்.

இரண்டாவது, போன பங்குனியில் நடந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்: "அம்மா காபியில என்னமோ கலக்கறாங்கன்னு தோணுது. சண்டை எல்லாம் போடல. நீ படிச்சவ, நீ சொல்லு, அப்படி ஏதாவது இருக்கா?" நான், "இல்லண்ணா, அது உன் நினைப்பு" என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்ப மறுபடியும் எனக்கு வருது போல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அந்த வார்த்தையோடு நான் தூங்க முடியாமல் இருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் அவன் சொன்னது நோய். இந்தக் காபி விஷயத்தில் அவன் சொன்னது நிஜம். அந்த நிஜத்தை நோய் என்று நம்ப வைத்தவள் நான்.

சொல்லிவிடலாமா? யார் சொல்வது? சொன்னால் மருந்தை நிறுத்திவிட்டால்? அம்மா கையில் இனிமேல் சோறே தின்னாமல் போய்விட்டால்? இந்த நிலைமையைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

தஞ்சாவூர் வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் மனைவிக்கு இதே நோய், 1998இலிருந்து. நான் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நானும் கலந்து கொடுத்தவன்தான், தயிர்சாதத்தில், இரண்டு வருஷம்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். நான் அரை மனசாகத்தான் இருந்தேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் இறந்து போனார்கள். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று, இவளை எங்கேயும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் மருந்து உள்ளே போக வேண்டும். அவள் வாங்க மாட்டாள். அதனால் தயிர்சாதம்.

அவள் கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. மாத்திரை சரியாகப் பொடியாகாமல் ஒரு துணுக்கு பல்லில் பட்டது. துப்பிக் கையில் எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. அன்றிலிருந்து 11 நாள் வீட்டில் சமைத்த எதையும் தொடவில்லை. வாழைப்பழம் மட்டும், அதுவும் தானே கடைக்குப் போய் வாங்கி, தோல் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து உரித்துத் தின்றாள். எடை எப்படிக் குறைந்தது தெரியுமா? அவளாகக் கண்டுபிடித்ததால்தான் அத்தனை கஷ்டம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நானே சொல்லியிருந்தால் கோபம் இருந்திருக்கும், ஆனால் தோலைச் சோதித்துப் பார்க்கிற அளவுக்குப் போயிருக்காது.

உங்கள் அண்ணனுக்கு ஏற்கனவே சந்தேகம் வந்துவிட்டது. ஆகவே சொல்லலாமா வேண்டாமா என்பது உங்கள் கையில் முழுசாக இல்லை. நீங்கள் சொல்லப் போகிறீர்களா, அவரே பாட்டிலைக் கையில் எடுக்கப் போகிறாரா என்பதுதான் மீதி.

நான் செய்தது இதுதான். 12ஆம் நாள் அவள் முன்னால் உட்கார்ந்து, "தப்புப் பண்ணிட்டேன், இனி உனக்குத் தெரியாம உன் வாய்க்குள்ள எதுவும் போகாது" என்றேன். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உனக்கு வியாதி இருக்கு" என்று நான் எத்தனையோ முறை சொல்லித் தோற்றிருக்கிறேன். அவளுக்கு அது கேட்காது. பிடிவாதம் என்று நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். தனக்கு நோய் இருப்பது தெரியாமல் இருப்பதே இந்த நோயின் ஒரு பகுதி என்று பிற்பாடு மருத்துவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. அதனால் அவளுக்கு என்ன தொந்தரவு என்று அவளையே கேட்டேன். "தூக்கம் வரல, தலைக்குள்ள இரைச்சலா இருக்கு" என்றாள். சரி, அதற்கு மட்டும் மருத்துவரைப் பார்க்கலாமா என்றேன். யோசித்துவிட்டு, "நீங்க வெளியே நில்லுங்க, நான் தனியாப் பேசறேன்" என்றாள். நின்றேன். முக்கால் மணி நேரம் வராந்தாவில் நின்றேன்.

இப்போது மாதம் ஒரு ஊசி, ஃப்ளூஃபினசின். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். தேதியை அவளே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். வியாதி என்று இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. அது எனக்குத் தேவையும் இல்லை. 27 வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, எந்த வாதத்தை விட்டுவிடலாம் என்பதுதான்.

தயிர்சாதம் மட்டும் இன்றைக்கும் அவளே பிசைந்துதான் சாப்பிடுவாள். நான் பிசைய மாட்டேன்.

---

மதுரை அம்மா எழுதியது:

சொல்லவே சொல்லாதே தங்கம். வாத்தியார் சார் வீட்டில் நடந்தது அவர் நல்ல நேரம். என் மகனிடம் நான் சொன்னேன். மனசு உறுத்துகிறது என்று நானாகத்தான் சொன்னேன். அவன் அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மூன்று மாதம் எங்கே இருந்தான் என்று தெரியாது. விழுப்புரம் ஸ்டேஷனில் யாரோ பார்த்துச் சொல்லி, போய்க் கூட்டி வந்தோம். கால் புண்ணாகி, தாடி வளர்ந்து, என்னை யாரென்று கேட்டான். அந்த மூன்று மாதம் நான் பட்டது எந்தத் தாய்க்கும் வேண்டாம்.

உண்மை பெரிசுதான். பிள்ளை உயிரோடு இருப்பது அதைவிடப் பெரிசு. உன் அம்மா ஐந்து வருஷம் தூங்காமல் காப்பாற்றியதை உன் மனசு லேசாக வேண்டும் என்று உடைத்துவிடாதே. கோபித்துக்கொள்ளாதே, எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

---

கரூர்த் தங்கை எழுதியது:

மதுரை அம்மா, கோபமே இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மாடியில் போய் அண்ணன் படுத்திருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்தேன். என் பயம் முழுக்க நீங்கள் சொன்னதுதான். "உன் மனசு லேசாக வேண்டும் என்று" என்ற இடம் சுட்டது. அதையும் யோசிக்கிறேன்.

---

மனநல சமூகப் பணியாளர் ஒருவர் எழுதியது:

ஒரு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 16 வருஷமாக வேலை பார்க்கிறேன். காபி, ரசம், சப்பாத்தி மாவு, பஞ்சாமிர்தம் என்று எல்லாவற்றிலும் மருந்து கலக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. அதனால் முதலில் உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உடனே பார்க்க வேண்டியது ஒன்று. ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்தைத் தண்ணீர், காபி, ஆரஞ்சு ஜூஸ், கொழுப்பு குறைந்த பால் இவற்றில் கலக்கலாம். டீயிலும் கோலா பானங்களிலும் கலக்கக் கூடாது, மருந்து அதோடு ஒத்துப்போகாது. பால் இல்லாத நாளில் அம்மா டீயில் விட்டுக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். லேபிளைக் கிழித்து வேறு பாட்டிலில் வைப்பதும் ஆபத்து. ஓமத் தண்ணீர் என்று நினைத்து வீட்டுக்கு வந்த குழந்தைக்கு யாராவது கொடுத்துவிட்டால்?

மறைத்துக் கொடுப்பதில் எங்களுக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான்: மருந்து சாப்பிடுகிறவருக்கு அது தெரியாததால், அது தன்னை என்ன செய்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. உடம்பு விறைத்தால், உட்கார முடியாமல் கால் பரபரத்தால், தாம்பத்திய விஷயத்தில் குறை வந்தால், எதனால் என்று தெரியாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வார். விபத்து என்று வேறு மருத்துவமனையில் சேர்த்தால் அங்கே கேட்கும் மருத்துவரிடம், "மருந்து எதுவும் இல்லை" என்பார். ஐந்து வருஷத்தில் சர்க்கரை, கொழுப்பு பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது. எதற்கு ரத்தம் என்று அவர் கேட்பாரே.

சட்டம் என்று பார்த்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை முடிவு செய்யும் உரிமையை நோயாளியிடம்தான் தருகிறது. நெருக்கடி நேரத்தில் அவரால் முடிவெடுக்க முடியாதபோது மற்றவர்கள் உதவலாம். ஆனால் வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, "சண்டை போடல, நீ சொல்லு" என்று தங்கையிடம் நிதானமாகக் கேட்கிற மனிதர் நெருக்கடியில் இல்லை. 2019இல் அம்மா செய்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. அதே நியாயம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

மதுரை அம்மா சொன்ன பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு, தொடர்கிறவர்களைவிட ஐந்து மடங்கு என்று ஆய்வு இருக்கிறது. அதனால் தயாரிப்பு இல்லாமல் சொல்லாதீர்கள். முதலில் நீங்களும் அம்மாவும் மட்டும் உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள். சொன்ன பிறகு அவர் மாத்திரையாக எடுக்கச் சம்மதித்தால் எவ்வளவு, ஊசி என்றால் எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரிஸ்பெரிடோன் ஒத்துக்கொண்டவர்களுக்கு அதற்கு நெருங்கிய பாலிபெரிடோன் ஊசி மாதம் ஒரு முறை போடலாம், விலைதான் அதிகம். விலை குறைந்த பழைய ஊசிகளில் விறைப்பு கொஞ்சம் கூடுதலாக வரலாம், உங்கள் அண்ணன் பயப்படுவது அதற்குத்தான்.

எதுவும் வேண்டாம் என்றால்? அதற்கும் தயாராக இருங்கள். மருந்து நின்ற மறுநாளே குரல் வந்துவிடாது. வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். அவருக்கு முதலில் எது குறையும், தூக்கமா, குளியலா, பேச்சா என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதி வைத்துக்கொண்டு, அது தெரிந்த அன்றே வாருங்கள், தொட்டியைத் திறந்துவிடும் வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரி என்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம். அண்ணனுக்காக மட்டும் என்றில்லை, உங்களுக்குத் தூக்கம் வராத ராத்திரிக்கும் கூப்பிடலாம்.

இன்னொன்று. நன்றாக இருக்கும் காலத்திலேயே, தனக்கு முடியாமல் போனால் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அவர் கையெழுத்துப் போடலாம். அந்தச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. இதைச் சொன்னதும் பலருக்கு முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பல வருஷத்தில் முதல்முறையாக யாரோ அவர்களிடம் கேட்கிறார்கள்.

அம்மாவின் ஆபரேஷனை இதற்காக இன்னும் தள்ளாதீர்கள். நடுவில் சில நாள் மருந்து தவறினால் என்ன செய்வது என்பதையும் அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.

---

நெல்லைக்காரன் எழுதியது:

நான் உங்கள் அண்ணன் இடத்தில் இருந்தவன். 41 வயது. அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். எனக்கு அக்கா குழம்பில் கலந்து கொடுத்தாள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அக்கா மகளுக்கு அப்போது ஆறு வயது. நான் சாப்பிட உட்கார்ந்தபோது, "அது மாமா குழம்பு, அதுல மாத்திரை இருக்கு, எனக்கு வேண்டாம்" என்றாள். மருந்து கொடுத்தது எனக்கு வலிக்கவில்லை. அந்தக் குழந்தை வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியாது. வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அதுதான் வலித்தது. இந்த விஷயம் உங்கள் வீட்டில் இன்னும் யார் யாருக்குத் தெரியும் என்று யோசித்து வையுங்கள். அண்ணன் அதைக் கேட்பார்.

நீங்கள் சொல்லும்போது முதல் வார்த்தை, "நீ சொன்னது சரிண்ணா" என்று இருக்கட்டும். மன்னிப்பு, காரணம், மருத்துவர் எல்லாம் அப்புறம். நான் நினைப்பதில் எது நிஜம், எது நோய் என்று ஒவ்வொரு நாளும் எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கும். வெளியே தெரியாது. பங்குனியில் நீங்கள் "இல்லை" என்று சொன்னதால் அவர் தன் புத்தியை நம்புவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருப்பார். முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள்.

"மாத்திரையே இல்லாமல் சரியானேன்" என்று அவர் சொல்வதைப் பற்றி. அது போய்விடுமே என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. மருந்து எனக்குக் குரலைக் குறைத்தது. ஆனால் காலையில் எழுந்து, முகம் கழுவி, நாலு பேர் பார்க்கும் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனது நான். அதை எந்த ஊசியும் செய்யவில்லை. அண்ணனிடம் அப்படியே சொல்லுங்கள். கொசுவலை மடிப்பது சொட்டு மருந்து இல்லை.

நான் அக்காவோடு ஏழு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

கரூர்த் தங்கை எழுதியது:

எட்டு வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

டீ விஷயத்தை அம்மாவிடம் கேட்டேன். பால் திரிந்த நாளிலெல்லாம் கட்டன் டீயில்தான் விட்டிருக்கிறார். அம்மாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் முழுசாகக் கேட்டார், மாத்திரைக் கணக்கு எழுதித் தந்தார், எந்த அறிகுறிக்கு எப்போது வர வேண்டும் என்பதையும் எழுதித் தந்தார்.

நான் சொல்வதாகத்தான் இருந்தது. அம்மா விடவில்லை. "கலந்தது நான், நான்தான் சொல்லணும்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாத நேரத்தில், திண்ணையில் அண்ணன் முன்னால் அந்த ஓமத் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். "நீ சொன்னது நெசந்தான் சாமி" என்றார். அதற்கு மேல் அம்மாவால் பேச முடியவில்லை, மீதியை நான் சொன்னேன். பங்குனியில் நான் பொய் சொன்னதையும் சொன்னேன். யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டான். நாங்கள் இருவர் மட்டும் என்றோம், அது உண்மை. அண்ணன் பாட்டிலைத் திறந்து முகர்ந்தான். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். மூடி வைத்துவிட்டு எழுந்து போனான்.

நாலு நாள் பேசவில்லை. வெளியே புரோட்டாக் கடையில் சாப்பிட்டான். மருந்து இல்லை. நான் வாசல் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தேன். மதுரை அம்மா, அந்த நாலு ராத்திரியும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வேலைக்கு ஒரு நாளும் தவறாமல் போனான்.

ஐந்தாம் நாள் காலை அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். அண்ணன் படியில் வந்து நின்று, "அஞ்சு வருஷமா ஒரு நாள்கூட மறக்கலயா?" என்று கேட்டான். அம்மா, "உங்கப்பன் திதி அன்னிக்குக்கூட மறக்கல" என்றார். அவன் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஊசி வேண்டாம் என்றுவிட்டான். மாத்திரை, அதுவும் தன் சாப்பாட்டுப் பையில் தானே வைத்துக்கொள்வான், யாரும் எண்ணக் கூடாது என்பது அவன் கட்டளை. இரண்டு வாரத்துக்கு முன்னால் மூன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. பயந்துபோய் மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டேன். "ரெண்டு நாள் விட்டுட்டேன்" என்று அவனே சொன்னான், அவனே வந்தான். விறைப்பைப் பற்றி அவனே மருத்துவரிடம் பேசி, அளவை மாற்றி வாங்கி வந்தான். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. காபியில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வெள்ளைத் தாளும் எழுதிவிட்டான். தன் சார்பில் பேச என் பெயரைப் போட்டிருக்கிறான். அதற்குக் கீழே யாரும் சொல்லாமல் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறான்: எனக்கு எவ்வளவு முடியாமல் போனாலும் சாப்பாட்டில் மருந்து கலக்கக் கூடாது, ஊசியாகப் போடுங்கள். இந்த மாதிரி முன்கூட்டி எழுதுவதை முறைப்படி பதிவு செய்ய வேண்டுமாம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சமூகப் பணியாளர் அய்யா முடிந்தால் சொல்லுங்கள்.

காபியை இப்போது அவனே போட்டுக்கொள்கிறான். அம்மா ஆறு மணிக்கு எழுந்து அடுப்படி வாசல் வரை வந்து நிற்கிறார், உள்ளே போவதில்லை.

வருகிற 19ஆம் தேதி அம்மாவுக்கு ஆபரேஷன். ராத்திரி பெண்கள் வார்டில் நான் இருப்பேன். ஆபரேஷன் முடிந்து எத்தனையாவது நாளிலிருந்து அம்மாவுக்குக் காபி கொடுக்கலாம் என்று அண்ணன் நர்ஸிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறான். ஃபிளாஸ்க் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறான்.